பழைய புரோகிராமும் உறையில்லாப் பாக்கெட்டும்

மீன் சூப் இன்னும் ஆறவில்லை. நேதா முதல் கரண்டியை ஊதிக்கொண்டிருந்தபோதே அவள் கைபேசி சிணுங்கியது. அஞ்சல் வந்திருந்தது. அனுப்பியவன் ரெல்யா. நிமிர்ந்து பார்த்தாள். ரெல்யா எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். மடிக்கணினியை அப்போதுதான் மூடிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

“அன்புள்ள நேதா, உங்கள் திருத்தத் தொகுப்பைப் படித்தேன். நோக்கம் சரி, வழி சரியில்லை. இதை ஏற்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. காரணங்கள் கீழே” என்று ஆரம்பித்து, கீழே, கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது.

“ஏண்டா, இதை வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?” என்றாள்.

“வாயால சொன்னா உனக்கு மட்டும்தான் கேக்கும். லிஸ்ட்ல சொன்னா எல்லாருக்கும் கேக்கும். சூப்பைக் குடி, ஆறிடப் போவுது.”

“தாழ்மையான கருத்தாம், தாழ்மையான கருத்து! உனக்கும் தாழ்மைக்கும் என்னடா சம்பந்தம்?”

“மரியாதையா எழுதணும்னு இருக்கில்ல. அதான்.”

கெர்னல் வேலை செய்யும் ஆட்களே இப்படித்தான். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து மாடாக உழைக்கிற அந்தப் பெரிய மென்பொருளை, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். ஆளை ஆள் பார்த்ததில்லை. பேச்சு முழுக்க ஒரு பொது அஞ்சல் பட்டியலில். அதை அவர்கள் லிஸ்ட் என்பார்கள். லிஸ்ட்டில் சொல்லாதது சொல்லாததுதான், நீ மேசைக்கு மேலே ஏறி நின்று கத்தியிருந்தாலும் சரி. நேதாவும் ரெல்யாவும் நோவி சாத் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு, ஒரே ஆய்வகம், ஒரே வம்பு. இப்போது வேறு வேறு நிறுவனம். ஆனாலும் வியாழக்கிழமை ஆனால் பெத்ரோவரதின் கோட்டைப் பக்கத்தில், தன்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தக் கடைக்கு இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். மேசையில் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். கெர்னலில் சேர்க்கச் சொல்லி லிஸ்ட்டுக்கு அனுப்பும் திருத்தத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

அவன் சொன்னது சரி என்பதுதான் நேதாவுக்கு எரிச்சல்.

விஷயம் இதுதான். ஒரு பாக்கெட், அதாவது வலையில் வரும் தகவல் பொட்டலம், கம்பி வழியாக வந்து இறங்கியதும் கெர்னல் அதற்கு ஓர் உறை போடும். எந்த வாசலில் வந்தது, எவ்வளவு நீளம், படிக்க வேண்டிய பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்றெல்லாம் அந்த உறைமேல் குறிப்பு இருக்கும். பிறகு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து, இது யாருடையது, எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். உங்கள் பாக்கெட் ஊருக்கில்லாத வடிவத்தில் இருந்தால், அந்த ஆளை நீங்களே அனுப்பலாம். ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கெர்னலுக்குள் ஏற்றிவிட்டால், பாக்கெட் வரும்போதெல்லாம் கெர்னல் அதைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளும். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் புது வலை அட்டைகள் வந்தன. அவற்றின் வேகத்துக்கு, உறை போடுவதற்கு முன்பே, வெறும் உடம்போடு வந்து நிற்கும் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். சின்ன புரோகிராம் இருக்கும் வாசலிலோ உறையில்லாதவருக்கு அனுமதி கிடையாது. என்ன ஆகும்? கெர்னல் தனக்குத் தெரிந்த அரைகுறை அறிவோடு தானே பிரித்துப் பார்க்கும். ஒன்றும் புரியாமல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். மற்ற வரிசைகள் காலியாகக் கிடக்க, அந்த ஒன்று மட்டும் மூச்சுத் திணறும்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், பிசேனியாவுக்குத்தான். பிசேனியா நீர்வாரியத்தில் பொறியாளர். தன்யூப், தீசா, சாவா மூன்று ஆற்றிலும் நிற்கிற நீர்மட்ட நிலையங்கள் நொடிக்கு நொடி அனுப்பும் அளவுகள் அவள் மையத்துக்குத்தான் வரும். அந்தப் பாக்கெட்டுகளைப் பிரிக்கும் புரோகிராம் அவள் கையால் எழுதியது. பழைய இயந்திரங்கள் இருமிக்கொண்டிருந்தன. பனி உருகுவதற்குள் புதியவை வந்தாக வேண்டும், புதியவற்றில் புது அட்டைதான் இருக்கும். அவற்றைத் தருவது நேதாவின் நிறுவனம்.

கோடையில் நேதா அவளைப் பார்க்கப் போனபோது, பிசேனியா காப்பியை எதிரே வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“இங்க பாரு கண்ணு. என் புரோகிராம்ல ஒரு வரி மாத்தினாலும் ஆறு ஓடற மூணு நாட்டுக்காரனும் மறுபடி பரிசோதிச்சு ஒத்துக்கணும். கூட்டம் போடுவான், காப்பி குடிப்பான், அடுத்த கூட்டத்துல பேசலாம்பான். அதுக்குள்ள ரெண்டு வெள்ளம் வந்து போயிடும். போன தடவை டிட்டெல் ஊர்ல எச்சரிக்கை பிந்திப் போனப்போ ஜனங்க கூரைமேல உக்காந்திருந்தாங்க. நான் கண்ணால பாத்தேன். திரும்பப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

“ஒரு வரிகூட மாத்த வேண்டாம்க்கா. கெர்னல்ல நான் பண்றேன். அதுக்கு நான் பொறுப்பு.”

“நெசமாத்தான் சொல்றியா?”

“நெசமாத்தான்.”

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் நேதாவுக்குத் தான் கொடுத்த வாக்கின் கனம் விளங்கியது. கெர்னலில் ஒரு வாசலை இடித்துக் கட்டுவதென்றால் சும்மாவா! லிஸ்ட்டில் இருக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். அதிலும் அந்த ரெல்யா சம்மதிக்க வேண்டும்.

முதலில் அவள் செய்தது, உறையில்லாப் பாக்கெட்டுக்கென்று பக்கத்தில் இன்னொரு வாசல். அழகாக இருந்தது. ரெல்யா கேட்டது ஒரே கேள்விதான்: “பழைய புரோகிராமுக்குப் புது வாசல் இருப்பது எப்படித் தெரியும்?” தெரியாதுதான். இரண்டாவது வாசலுக்கு இரண்டாவது புரோகிராம் எழுத வேண்டும், பிசேனியா மறுபடி மூன்று நாட்டுக் காப்பி குடிக்க வேண்டும். அடுத்து, வெறும் பாக்கெட்டுக்குப் பொய்யாக ஓர் உறையைத் தைத்து மாட்டி உள்ளே அனுப்பினாள். அதற்குத்தான் இந்த வியாழக்கிழமை அஞ்சல். வேகம் பாதியாகிறது என்று அளந்து காட்டியிருந்தான். உறை போட நேரமில்லை என்பதற்காகத்தானே இந்தப் பாடு, இதில் பொய் உறை தைக்க மட்டும் நேரம் எங்கிருந்து வரும் என்று, மரியாதையாகத்தான், கேட்டிருந்தான். படித்துவிட்டு அவனை வாயார வைதாள். வைதபடியே அவன் தட்டிலிருந்த பொரித்த மீனையும் எடுத்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.

அடுத்த சில வாரம் அவள் ஒரு வரியும் எழுதவில்லை. படித்தாள். பிசேனியாவின் புரோகிராமைத் தலைகீழாகப் படித்தாள். பொதுவெளியில் கிடைத்த மற்றவர்களின் புரோகிராம்கள் அத்தனையையும் படித்தாள். இவை எல்லாம் உறையிடம் என்னதான் கேட்கின்றன? பார்த்தால், கேட்பது மூன்றே மூன்று. பாக்கெட் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, பதிலை எங்கே எழுதட்டும். அவ்வளவுதான்! இத்தனை பெரிய உறையைத் தூக்கிக்கொண்டு வந்ததே வெட்டிச் சுமை.

உறையைத் தூக்கிப் போட்டாள். அதற்குப் பதிலாக ஒரு சின்னத் தட்டு. தட்டில் அந்த மூன்று பதில்கள். உறை இருந்தால் அதுவும் தட்டின் ஓரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அந்த இடம் காலி. அதைவிட அருமை அடுத்ததுதான். பழைய புரோகிராம் உறையை நோக்கிக் கை நீட்டும் இல்லையா? அதைக் கெர்னலில் ஏற்றும்போதே அந்தக் கையைச் சத்தமில்லாமல் தட்டின் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். புரோகிராம் உறையிலிருந்து எடுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். எடுப்பதோ தட்டிலிருந்து. ஒரே வாசல், உறையோடு வருபவருக்கும் இல்லாமல் வருபவருக்கும். படிப்பவருக்கு, ‘அட, இது ஏன் ஆரம்பத்திலிருந்தே இப்படி இல்லை?’ என்று தோன்றும் வேலை அது. அப்படித் தோன்ற வைப்பதற்குத்தான் மண்டை உடைகிறது.

லிஸ்ட்டில் போட்டாள். ரெல்யாவிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. வியாழக்கிழமை சூப் குடிக்கும்போது மழையைப் பற்றிப் பேசினான், அவன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினான். எதிராளியின் முகத்திலிருந்து ஒன்றும் கறக்க முடியவில்லை. மறுநாள் காலை அஞ்சல் வந்தது.

“அன்புள்ள நேதா, மூன்று முறை படித்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே படித்தேன். கிடைக்கவில்லை. பழைய சோதனைகளில் எல்லாம் தேறிவிட்டது. இது நன்று. படித்துச் சரிபார்த்தவன்: ரெல்யா.”

நேதா அலுவலகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். ரெல்யா ‘நன்று’ என்று எழுதி லிஸ்ட்டில் யாரும் பார்த்ததில்லை.

கெர்னலின் அந்தப் பகுதிக்குள் எது சேரலாம் என்று முடிவு செய்யும் காவல்காரர் போர்ச்சுகலில், கோயிம்ப்ராவில் இருக்கும் அன்செல்மோ. அவர் திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதினார். ஞாயிற்றுக்கிழமை புதுப் பதிப்புக்கான வாசல் சாத்தப்படும், அதற்குள் வந்தவை மட்டும் இந்தப் பதிப்பில் சேரும், மற்றவை அடுத்த முறைதான். அலுவலகத்தில் கேக் வாங்கி வெட்டினார்கள். பிசேனியாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவள் மறுமுனையில் கைதட்டினாள்.

சும்மா இருந்திருக்கலாம். நேதாவுக்கு ஓர் ஆசை. பிசேனியாவின் புரோகிராமை அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல், புது அட்டை போட்ட இயந்திரத்தில் ஏற்றி, நிலையங்களிலிருந்து பதிவு செய்த உண்மைப் பாக்கெட்டுகளை உள்ளே விட்டுக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று. விட்டாள். பார்த்தாள்.

எல்லாப் பாக்கெட்டும் ஒரே வரிசையில் போய் விழுந்தன.

கைதவறி எதையோ மாற்றிவிட்டோம் என்று நினைத்து மறுபடி விட்டாள். மறுபடியும் அதேதான். திருத்தங்களைத் தானாகச் சரிபார்க்கும் பழைய சோதனையை ஓட்டினாள், எல்லாம் பச்சை. அட்டையில் ஓட்டினாள், எல்லாம் குப்பை. என்ன கண்கட்டு வித்தை இது? உறையில்லாதவருக்காகத் தான் எழுதிய பாதையில் ஒரு வரி சேர்த்தாள்: யாராவது இந்த வழியாகப் போனால் குரல் கொடு. சோதனையை மறுபடி ஓட்டினாள். குரலே வரவில்லை. சோதனை முழுக்க ஓடி முடிந்தும் அந்த வழியில் ஒரு ஈ காக்கைகூடப் போகவில்லை.

சோதனையைத் திறந்து பார்த்தாள். வெறும் பைட்டுகளை வாங்கியதும் அது முதல் காரியமாக என்ன செய்கிறது தெரியுமா? பாக்கெட்டுக்கு ஓர் உறை போடுகிறது. பழக்கதோஷம்! பாக்கெட் என்றாலே உறையோடுதான் வரும் என்று இருந்த காலத்தில் எழுதியது. குளிரில் நடுங்குகிறானா என்று பார்க்க ஒருவனை நிறுத்தி, நிறுத்துமுன் அவனுக்குக் கம்பளி போர்த்திவிட்ட கதைதான். எழுதியவர் பெயர் மேலேயே இருந்தது: ரெல்யா.

உண்மைத் தவறு அவளுடையதுதான், அதுவும் உடனே விளங்கிவிட்டது. உறையோடு வரும்போது, படிக்க வேண்டிய பகுதி ஆரம்பிக்கும் இடம் தயாராகக் குறித்திருக்கும். வெறுமனே வரும்போது முன்னால் அட்டையின் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். பிசேனியாவின் புரோகிராம் அந்த முகவரியையே செய்தி என்று நினைத்துப் படித்துத் தலைசுற்றி நின்றது. ஆனால் அந்தத் தவறைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டியது ரெல்யாவின் சோதனை. அதை நம்பித்தான் லிஸ்ட்டே தூங்கியது. அன்செல்மோ அந்தப் பகுதியின் காவலில் ரெல்யாவைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் போகிறார் என்று வேறு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது, இந்தச் சமயம் பார்த்து.

வியாழக்கிழமை அவள் முகத்தைப் பார்த்ததுமே ரெல்யா கரண்டியைக் கீழே வைத்தான்.

“என்ன, யாராவது செத்துட்டாங்களா?”

சொன்னாள். மெதுவாக, ஒன்றுவிடாமல். கேட்கக் கேட்க அவன் காது சிவந்தது. கடைசியில் கேட்டான்: “லிஸ்ட்ல போட்டுட்டியா?”

“இல்லடா. முதல்ல உங்கிட்ட...”

“எதுக்கு எங்கிட்ட?”

“உன் பேரு இருக்கு அதுல. எல்லாரும் பாப்பாங்க. அன்செல்மோ பாப்பாரு. அதுவுமில்லாம இப்பப் போட்டா ஞாயித்துக்கிழமை போச்சு. பிசேனியாக்கா என்னை உயிரோட விட மாட்டாங்க. ஒண்ணு பண்ணலாம். இப்ப உள்ள போயிடட்டும், பிழைத் திருத்தம்னு அப்பறமா...”

“நேதா.” அவன் குரல் உயரவில்லை. “உள்ள போனதை நம்பி எவனாவது நாளைக்கே புரோகிராம் எழுதுவான். அதுக்கப்பறம் நீ அதை அசைக்க முடியாது, அவன் புரோகிராம் உடைஞ்சிடும். தப்பான வாசலைக் காலாகாலத்துக்கும் கட்டிக் காக்கணும். இங்க எங்கிட்ட சொன்னா இது சூப்புக் கடைப் பேச்சு. லிஸ்ட்ல போடு.”

“உன் சோதனைதான் தப்புன்னு எழுதணும்டா.”

“ஆமா. தெளிவா எழுது. வளவளன்னு எழுதாத.”

மடிக்கணினியைத் திறந்தாள். தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், காரணம் இன்னது என்றும், சோதனை உறையில்லாப் பாதையை ஒருபோதும் தொடவில்லை என்றும் எழுதினாள். அனுப்பினாள். எதிர்ப்பக்கம் அவன் கைபேசி சிணுங்கியது. அவன் முழுதும் படித்தான். மடிக்கணினியை எடுத்து எதையோ தட்டினான். இப்போது அவளுடையது சிணுங்கியது.

“அன்புள்ள எல்லோருக்கும், நேதா சொல்வது முற்றிலும் சரி. அந்தச் சோதனையை எழுதியவன் நான், அதை வைத்து மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவனும் நான். அதைக் கொண்டு நான் தேறியதாகச் சொன்ன எதையும், நான் சரிசெய்யும்வரை நம்ப வேண்டாம். ஏற்கப்பட்ட தன் வேலையைத் தானே திரும்பப் பெற்ற நேதாவுக்கு என் நன்றி.”

படித்துவிட்டு நேதா தலை நிமிரவில்லை. எத்தனை சண்டை போட்டிருக்கிறாள் இவனோடு, பொறாமை பிடித்தவன் என்றுகூட ஒரு தடவை நினைத்திருக்கிறாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடிப்பதே ஒரு பெருமை என்று அன்றைக்குத் தோன்றியது.

பிசேனியா போனில் பொரிந்து தள்ளினாள். “நான் பொறுப்புன்னு சொன்னியேடி! அந்த வாயால இப்ப இல்லங்கறியே. பழைய மிஷின் எந்த நேரம் நிக்கும்னு தெரியாம நான் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். உங்க லிஸ்ட்டும் நீங்களும்!”

“தப்பான ஒண்ணைக் குடுத்துட்டு சரின்னு சொல்லியிருந்தா, வெள்ளத்தன்னிக்குத்தான்க்கா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“பனி உருகறதுக்குள்ள வேணும்” என்று சொல்லிப் பிசேனியா போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வியாழன் ரெல்யா கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. லிஸ்ட்டிலும் ஆள் இல்லை. நேதா தனியாகச் சூப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். மானஸ்தன், போட்டு உடைத்தது நாம்தானே என்று மனசு அரித்தது.

நவம்பரில் மித்ரோவ்தன் வந்தது. ரெல்யா வீட்டுக் குலப் புனிதரின் திருநாள். அன்றைக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. வரவேண்டியவர்கள் தாமாக வருவார்கள், வராவிட்டால்தான் பேச்சு. பூவும் ஒரு புட்டி திராட்சைரசமும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுப் படிக்கட்டில் நேதா ஒரு மாடி ஏறினாள், அரை மாடி இறங்கினாள். அவன் வீட்டு நல்ல நாளில் போய்ப் பழைய புண்ணைக் கிளறுவதுபோல் நிற்பதா? கதவைத் திறந்தது அவன் அம்மா.

“வாடியம்மா. அங்க படியில என்ன அளந்துட்டு நிக்கற? கோதுமைப் பிரசாதம் எடுத்துக்கோ முதல்ல. அப்பறம் உள்ள போயி அந்தப் பைத்தியத்தை வெளிய இழு. வீடு நிறைய ஜனம், அவன் சமையலறையில கம்ப்யூட்டரைக் கட்டிட்டு உக்காந்திருக்கான், நல்ல நாளும் அதுவுமா.”

மாவு டப்பாவுக்கும் பொரியல் தட்டுக்கும் நடுவே மடிக்கணினியோடு ரெல்யா உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததே பார்க்கலாம்!

“வா வா! உன் திருத்தம் பதினோரு இடத்துல விழுது!”

“என்னது?”

“பதினோரு இடம்! நீ சொன்ன ஒரு தப்பு மட்டும் இல்ல. இங்க பாரு. ஒரே பாக்கெட், மூணு வழி. உறையோட, உறையில்லாம, நெஜ அட்டை வழியா. மூணுக்கும் ஒரே பதில் வரலேன்னா சிவப்பு. இந்த ரெண்டு வாரமா நான் பிசேனியாக்கா கூடத்தான் சுத்திட்டிருந்தேன். வியாழக்கிழமைதான் அவங்க நிலையம் நிலையமா போவாங்க. டிட்டெல், சென்தா, எல்லா இடத்துலயும் நின்னு கையால பதிவு பண்ணிட்டு வந்தேன். சேத்துல பூட்ஸ் போச்சு.”

“ரெண்டு வாரமா ஒரு வார்த்தை சொல்லலையேடா, பாவி! நான் என்னென்னமோ நெனச்சுக்கிட்டு...”

“சொல்றதுக்கு ஒண்ணும் முடியலையே. முடியாததை எப்படிச் சொல்றது?”

“லிஸ்ட்ல போட்டியா?”

அவன் ஒரு பொத்தானைத் தட்டினான். பூங்கொத்தோடு நின்றவளின் பையிலிருந்து கைபேசி சிணுங்கியது. நேதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மா எட்டிப் பார்த்து, “ரெண்டும் பைத்தியம்” என்று சொல்லிவிட்டுப் பொரியல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

குளிர்காலம் முழுக்க அந்தப் பதினோரு சிவப்பும் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. தட்டில் இன்னொரு குறிப்பு சேர்ந்தது: படிக்க ஆரம்பிக்க வேண்டிய இடம். புரோகிராமைக் கூப்பிடுவதற்கு முன் கெர்னலே அதைச் சரியாக வைத்துவிடும். அவள் அனுப்புவாள், அவன் மறுப்பான். அவள் வைவாள், பிறகு திருத்துவாள். லிஸ்ட்டில் மற்றவர்கள் இந்தச் சண்டையைத் தொடர்கதை மாதிரி படித்தார்கள். பதிப்பு வாசல் அடுத்தமுறை திறந்தபோது அன்செல்மோ திருத்தத்தை ஏற்றுக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி கூடுதலாக எழுதினார். இந்தப் பகுதியைக் கவனிக்க இனி ரெல்யாவும் தன்னோடு இருப்பார், தன் சோதனையை நம்ப வேண்டாம் என்று சொன்னவரின் சோதனையைத்தான் தன்னால் நம்ப முடிகிறது என்று.

பிப்ரவரி கடைசியில் பிசேனியா புது இயந்திரங்களை மாட்டினாள். அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

மார்ச்சில் கார்பாத்திய மலைப் பனி எல்லாம் ஒரேயடியாக உருகியது. தீசா பொங்கியது. தன்யூப் சூப்புக் கடையின் கீழ்ப்படிவரை ஏறி வந்துவிட்டது. கடைக்காரர் வெளி மேசைகளை உள்ளே இழுத்துப் போட்டிருந்தார். வியாழக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்களே தவிர, சூப்பைத் தொடவில்லை. நேதா கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைப்பாள், நிமிர்த்துவாள், மறுபடி கவிழ்ப்பாள். அது அடித்தபோது நாற்காலி தள்ளிப்போக எழுந்தே விட்டாள். பிசேனியா.

“என்னக்கா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“ஒண்ணும்னா?”

“ஒண்ணும் ஆகலடி! எல்லா நிலையமும் நேத்துலேர்ந்து கத்து கத்துன்னு கத்துது, ஒரு கத்தல்கூட விட்டுப்போகல. எல்லா வரிசையும் சமமா ஓடுது. டிட்டெல் ஜனங்களைத் தண்ணி வர்றதுக்கு முன்னாடியே மேட்டுக்கு ஏத்தியாச்சு. பள்ளிக்கூடத்துல உக்காந்து சீட்டாடிட்டு இருக்காங்க, ஒருத்தன் போட்டோ அனுப்பியிருக்கான்.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இப்பத்தான் என் புரோகிராமைத் திறந்து பாத்தேன் கண்ணு. நான் எழுதினப்போ எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கு.”

நேதா கைபேசியை ரெல்யாவிடம் நீட்டிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் காதில் வைத்து முழுக்கக் கேட்டான். மூக்கை உறிஞ்சினான்.

“அக்கா,” என்றான், “இதை லிஸ்ட்ல போட்டுடுங்க.”

“நானா? எனக்கு அங்க யாரைத் தெரியும்?”

“யாரையும் தெரிய வேண்டாம். இப்ப எங்கிட்ட சொன்னதை எழுதுங்க, போதும்.”

சூப் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கைபேசியும் ஒரே சமயத்தில் சிணுங்கின.

“வணக்கம். நான் கெர்னல் ஆள் இல்லை. இங்கே வெள்ளம் வந்தது. என் பழைய புரோகிராமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரிபார்த்தவர்: பிசேனியா.”